பக்கவாதத்தில் ஆட்டோஃபேஜி: தூண்டுவதா, தடுப்பதா?

"பட்டினி கிடந்தா செல் தன்னையே சுத்தம் பண்ணிக்குமாமே, பக்கவாதத்துக்கு நல்லதா?" வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இப்படிக் கேட்கிறார்கள். செல் தன் பாகங்களைத் தானே செரிக்கும் இதுதான் ஆட்டோஃபேஜி. ஈஸ்ட்டில் இதை ஆராய்ந்த விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது உண்மைதான். மூளை விஷயம் அவ்வளவு எளிதல்ல.

தூண்டினால்: பழுதான மைட்டோகாண்ட்ரியாவை (செல்லுக்கு ஆற்றல் தரும் பாகம்) செல் செரித்து, கிடைப்பதை மறுபடி பயன்படுத்தும். தூண்டும் மருந்தான ராபமைசின் கொடுத்த சில எலி ஆய்வுகளில் மூளைச் சேதம் குறைந்தது.

தடுத்தால்: நல்ல பாகங்களையும் சேர்த்து விழுங்கும் மிகைச் செரிப்பு நிற்கும். தடுக்கும் பொருளான 3-மெத்தில்அடினின் கொடுத்த எலிகளிலும் சேதம் குறைந்திருக்கிறது! மூளை ரத்தக்குழாய் அடைப்பு எவ்வளவு கடுமை, மருந்து எப்போது போனது என்பதைப் பொறுத்தே முடிவு மாறுகிறது.

பக்கவிளைவு: ராபமைசின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும், சிறுநீரக மாற்று செய்தவர்களுக்குத் தருவது.

கிடைக்குமா: இரண்டுமே பக்கவாதச் சிகிச்சையாக நடைமுறையில் இல்லை.

ஆய்வு செய்பவருக்கு, மிதமான பாதிப்பென்றால் தூண்டுவது, கடுமையானதென்றால் தடுப்பது பொருந்தலாம் என்பது என் கணிப்பு. வீட்டாருக்கு இரண்டும் வேண்டாம். வாய் கோணினால், கை தொங்கினால் 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம். விழுங்க முடிகிறதா என்று மருத்துவர் பார்க்கும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். அது புரையேறாமலிருக்க, ஆட்டோஃபேஜிக்காக அல்ல.