மழை ஊரில் வின்டர் டயர்: வான்கூவர் பகுதியில் ஒன்பது குளிர்காலங்கள்

கனடாவின் வான்கூவரை ஒட்டிய பர்னபியில் நாங்கள் குடியேறியது 2016 நவம்பரில். அந்த மாதமே பழைய கொரோலா ஒன்றை வாங்கினேன். இன்றும் அதே வண்டிதான் ஓடுகிறது. இந்த ஒன்பது குளிர்காலங்களில் அதற்கு மூன்று வகை டயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டேன்: முதல் ஆண்டு வண்டியோடு வந்த ஆல் சீசன் டயர், அடுத்த ஐந்து ஆண்டுகள் குளிர்காலத்துக்கு மட்டும் போடும் தனி வின்டர் டயர், கடைசி மூன்று ஆண்டுகள் கோடையிலும் கழற்றாமல் ஓட்டக்கூடிய ஆல் வெதர் டயர். பெரும்பாலும் மழையே பெய்கிற இந்த ஊருக்கு வின்டர் டயர் வேண்டுமா என்று புதிதாக வரும் நண்பர்கள் ஒவ்வோர் அக்டோபரிலும் கேட்கிறார்கள். தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் விடையால் யாருக்கும் பயன் இருப்பதில்லை என்பதால், நான் பட்டு அறிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊரின் குளிரைப் புரிந்துகொள்ள வேண்டும். வான்கூவர் விமான நிலையத்தில் ஆண்டு முழுவதும் விழும் பனி சராசரியாக 40 செ.மீ.க்கும் குறைவு, மாண்ட்ரியலில் அது 200 செ.மீ.யைத் தாண்டும். ஆனால் நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களிலும் மாதத்துக்கு ஏறக்குறைய 150 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை கொட்டுகிறது. வெப்பநிலை பல வாரங்கள் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையிலேயே நிற்கும். இதைப் பார்த்துவிட்டு, எட்மண்டன் போன்ற ஊர்களின் கடுங்குளிரோடு ஒப்பிட்டால் இங்கே ஆபத்து குறைவு என்று நானும் முதலில் நினைத்தேன். உண்மை வேறு. மைனஸ் 20 டிகிரியில் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் மேலே மெல்லிய நீர்ப்படலத்தோடு கிடக்கும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். இங்கே பனி பகலில் பாதி உருகி, வண்டிகள் ஏறி அழுத்தி, இரவில் மீண்டும் உறைகிறது. மறுநாள் காலையில் தெருவே கண்ணாடித் தகடாகிவிடுகிறது. பனி விழும் நாட்கள் குறைவுதான். அந்தச் சில நாட்கள் மிகவும் மோசமானவை.

இதை நான் தெரிந்துகொண்டது பர்னபியின் கேபிடல் ஹில் சரிவில், 2016 டிசம்பரில். வேலைக்குக் கிளம்பி, நடந்து போகும் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்ததும் காலுக்கடியில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று அதிரத் தொடங்கியது. வண்டி மட்டும் அதே வேகத்தில், மெதுவாக, பக்கவாட்டில் திரும்பியபடி இறங்கிக்கொண்டே இருந்தது. வலது பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதி நின்றபோது, எதிரே இருந்த தபால் பெட்டிக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. பின் இருக்கையில் என் மகள் இருந்தாள். வான்கூவர் பகுதியில் வழக்கத்தைவிட நீண்டு கிடந்த குளிர்காலம் அது. கடைகளில் தெருப் பனியை உருக்கத் தூவும் உப்பு தீர்ந்துபோய், 2017 ஜனவரியில் வான்கூவர் நகராட்சி தீயணைப்பு நிலையங்களில் மக்களுக்கு இலவசமாக உப்பு கொடுத்தது. வண்டி வழுக்கிய அந்த வாரம் முழுவதும் நான் பேருந்தில்தான் வேலைக்குப் போனேன்.

பிறகுதான் டயர்களைக் குனிந்து பார்த்தேன். வண்டியை விற்றவர், டயர் இன்னும் இரண்டு வருடம் தாங்கும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்கள் 2209 என்று காட்டின. 2009ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அதற்குப் பொருள். கட்டை விரல் நகத்தால் அழுத்தினேன், ரப்பர் சற்றும் அமுங்கவில்லை. சில டாலருக்குக் கிடைக்கும் ஆழமானியை வைத்து அளந்தபோது, தரையைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளம் 3 மி.மீ.தான் இருந்தது. நம் ஊரில் மொட்டை டயர் என்று சொல்வது வழுவழுப்பாகத் தேய்ந்துபோனதைத்தான். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிற டயரும் குளிர்காலத்துக்கு மொட்டையாக இருக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எனவே, பழைய வண்டி வாங்குகிறவர்கள் எந்த வகை டயர் வேண்டும் என்று யோசிப்பதற்கு முன், இருக்கிற டயரின் வயதையும் பள்ளத்தையும் தாங்களே பார்த்துவிட வேண்டும்.

டயரில் உள்ள குறிகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. 'எம் பிளஸ் எஸ்' என்ற குறி சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள அமைப்பு இருப்பதை மட்டுமே சொல்கிறது; அதற்குப் பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி வேண்டுமானால், அழுந்திய பனியில் இழுவைத்திறனை ஓர் ஒப்பீட்டு டயரோடு சோதித்துக் காட்ட வேண்டும். அந்தச் சோதனையும் பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதையோ ஈரத் தார்ச்சாலையில் நிற்பதையோ அளப்பதில்லை. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பெரும்பாலான மலை நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரையிலும், தாழ்வான சில நெடுஞ்சாலைகளில் மார்ச் 31 வரையிலும் இவ்விரு குறிகளில் ஒன்றாவது உள்ள, 3.5 மி.மீ.க்குக் குறையாத பள்ளம் கொண்ட டயர் இருக்க வேண்டும். ஸ்குவாமிஷ் வழியாக விஸ்லர் செல்லும் 99ஆம் எண் சாலையும் இதில் அடங்கும். வான்கூவர், பர்னபி நகரத் தெருக்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. சட்டம் 'எம் பிளஸ் எஸ்' குறியை ஏற்கிறது என்பதற்காக அதை நம்பி மலையேறக் கூடாது என்பது என் திடமான கருத்து. தபால் பெட்டிக்கு முன்னால் வழுக்கி நின்ற என் டயர்களிலும் அந்தக் குறி இருந்தது.

2017 அக்டோபரில் நான் தனி வின்டர் டயர் வாங்கியதற்குக் காரணம் என் அண்ணன். அவர் அப்போது மலைக்கு அப்பால் உள்ள கம்லூப்ஸில் இருந்தார். "வான்கூவருக்கு என்ன டயர் வேணும்னு என்கிட்ட கேக்காதப்பா. ஹோப் தாண்டி என் வீட்டுக்கு வரணும்னா வின்டர் டயர் போட்டுட்டு வா, இல்லைன்னா ஏப்ரல்ல வா" என்று சொல்லிவிட்டார். பர்னபியிலிருந்து கம்லூப்ஸ் ஏறக்குறைய 350 கி.மீ. மலையடிவார ஊரான ஹோப் வரை மழைதான். அங்கிருந்து கோகிஹல்லா நெடுஞ்சாலை சுமார் 50 கி.மீ. தூரத்துக்குள் 1,244 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. வைப்பர் மழையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மழை சேறான பனியாகும். பனிச்சரிவைத் தடுக்கச் சாலைக்கு மேல் கட்டிய கிரேட் பேர் கூடாரத்துக்குள் நுழைந்து மறுபுறம் வெளிவரும்போது சாலைக்கோடுகளே தெரியாமல் வெள்ளை மூடிக் கிடக்கும். ஒரே பயணத்தில், ஒரே மணி நேரத்தில், இரண்டு வேறு நாடுகளில் ஓட்டுவது போன்றது அது. அந்த ஏற்றத்தில் வின்டர் டயர் செய்த வேலையை நான் மறக்க மாட்டேன். ஐந்து குளிர்காலங்களில் அந்த மலையைப் பலமுறை தாண்டியிருக்கிறேன். நான்கு சக்கர இழுவை கொண்ட பெரிய வண்டிகள் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிக் கிடக்க, முன்சக்கர இழுவை மட்டுமே உள்ள என் கொரோலா அடி பிசகாமல் ஏறியது. நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்துவதற்கு டயரின் ரப்பர் ஒன்றுதான் துணை.

ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் என் வண்டி மலையில் இருந்த நாட்களை எண்ணினால் ஓர் ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு தேறும். மற்ற நாட்களெல்லாம் வீட்டிலிருந்து அன்னாசிஸ் தீவில் உள்ள வேலையிடத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் மழையில்தான் ஓடியது. அங்கே வின்டர் டயரின் மறுபக்கம் தெரிந்தது. அதன் ரப்பர் மென்மையானது. அதன் பிளாக்குகள், அதாவது பள்ளங்களுக்கு இடையிலான ரப்பர் கட்டிகள், முழுவதும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனியைக் கவ்விப் பிடிப்பவை அவைதான். ஆனால் 10 டிகிரி வெப்பத்தில் ஈரத் தார்ச்சாலையில் அதே பிளாக்குகள் நெளிந்து கொடுக்கின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது கைக்குத் தெரியும். திடீரென்று பிரேக் பிடிக்க நேர்ந்தபோதெல்லாம், வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் நின்றேன். இங்கே நவம்பர் மழையில் 10, 12 டிகிரி சாதாரணம். மார்ச் இறுதியில் வெயில் அடித்தால் 15 வரை போகும். 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும் என்பதை எல்லா டயர் கடைகளிலும் சொல்கிறார்கள். அதே கணக்கின் மறுபாதியாக, 7 டிகிரிக்கு மேலே வின்டர் டயர் தன் பலத்தை இழக்கிறது, வேகமாகவும் தேய்கிறது என்பதை நான் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. மழை ஊரில் இருப்பவர்களுக்கு அந்த மறுபாதிதான் முக்கியம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நான்கு டயர், நான்கு இரும்பு ரிம், பூட்டும் கூலி எல்லாம் சேர்த்து 2017இல் 860 டாலர் ஆனது. ஆண்டுக்கு இரண்டு முறை மாற்ற 100 டாலர். ரிம்மோடு வாங்கியதால் ஒவ்வொரு முறையும் டயரைப் பிரித்துப் பூட்ட வேண்டியிருக்கவில்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் டயர்களை வைக்க இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்; எங்கள் பால்கனியின் பாதியை அவை ஐந்து ஆண்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன.

2021 நவம்பரில் பெருமழை வெள்ளம் கோகிஹல்லா நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அடித்துச் சென்றது. எல்லா வாகனங்களுக்கும் அது திறந்துவிடப்பட்டது அடுத்த ஜனவரியில்தான். அந்த ஆண்டே அண்ணனும் வேலை மாறி அபட்ஸ்ஃபோர்டுக்கு வந்துவிட, மலையைத் தாண்டும் தேவை எங்களுக்கு இல்லாமல் போனது. வின்டர் டயரின் பள்ளமும் 4.5 மி.மீ. ஆகிவிட்டது. சட்டப்படி இன்னும் ஓட்டலாம். ஆனால் பனியைக் கவ்வும் அந்த மெல்லிய வெட்டுகள் பல இடங்களில் மழுங்கி மறைந்திருந்தன. எனவே 2022 அக்டோபரில் வின்டர் டயரையும் கோடை டயரையும் சேர்த்தே விற்றுவிட்டு, சிகரக் குறி உள்ள ஆல் வெதர் டயர் நான்கை 980 டாலருக்கு வாங்கினேன். ஆல் சீசனும் ஆல் வெதரும் ஒன்றென்று பலர் எண்ணுகிறார்கள். பெயரில் ஒற்றுமை இருந்தாலும், பெரும்பாலான ஆல் சீசன் டயர்களில் இல்லாத சிகரக் குறி ஆல் வெதரில் இருக்கும். நோக்கியன், மிஷலின், டோயோ போன்ற நிறுவனங்கள் இவ்வகை டயர்களைச் செய்கின்றன.

அடுத்த மாதமே அதற்குச் சோதனை வந்தது. 2022 நவம்பர் 29 அன்று, அலுவலகங்கள் விடும் நேரத்துக்குச் சரியாகப் பனி கொட்டத் தொடங்கியது. நான்கரை மணிக்கு அன்னாசிஸ் தீவிலிருந்து கிளம்பினேன். குவீன்ஸ்பரோ பாலத்தில் ஏறும்போது ஆறரை. எனக்கு முன்னால் ஒரு சிறிய கார், சக்கரங்கள் சுழல, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு சரக்கு லாரி. என் டயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், முன்னால் நிற்பவரின் டயர் தேய்ந்திருந்தால் நானும் அவரோடுதான் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பாலத்தின்மேல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து உணர்ந்தேன். நாங்கள் நான்கு பேர் இறங்கி அந்தக் காரைத் தள்ளி ஓரம் சேர்த்தோம். பாலத்தைக் கடந்ததும் நியூ வெஸ்ட்மின்ஸ்டரின் செங்குத்தான மேடு. இருபுறமும் மக்கள் விட்டுவிட்டுப் போன வண்டிகள். முதல் கியரில், எங்கும் நிற்காமல், என் வண்டி அந்த மேட்டில் ஏறிவிட்டது. வீடு சேரும்போது மணி பன்னிரண்டரை. அன்று முதல் பனி எச்சரிக்கை வந்தால் மதியமே கிளம்பிவிடுகிறேன், அல்லது ஸ்கைட்ரெயின் என்ற நகர ரயிலில் போகிறேன்.

மூன்று குளிர்காலங்களுக்குப் பிறகு ஆல் வெதர் பற்றி என் கணிப்பு இது. மழையில் அது வின்டர் டயரைவிடத் தெளிவாக மேலானது. தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் கையில் லேசாகி வண்டி மிதப்பது போன்ற உணர்வு இதுவரை வரவில்லை. புதுப் பனியிலும் சேறான பனியிலும் எனக்குப் போதுமானது. உறைந்த பனிக்கட்டியில் வின்டர் டயருக்கு ஈடாகாது. 2024 ஜனவரிப் பனிக்குப் பிறகு கேபிடல் ஹில் சரிவில் இரண்டு நாட்கள் வண்டியை எடுக்கவில்லை, எடுக்காததே சரி என்று இன்றும் நினைக்கிறேன். கோடையில் ஓட்டுவதால் பெட்ரோல் செலவில் பெரிய வேறுபாடு எதையும் நான் காணவில்லை.

மாதம் ஒருமுறையாவது கோகிஹல்லா தாண்டுபவர்கள், விஸ்லரில் பனிச்சறுக்குக்கு வாராவாரம் போகிறவர்கள், சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் இருக்கும் பர்னபி மலையில் இரவு வேலை பார்ப்பவர்கள், எந்த நாளிலும் விடுப்பு எடுக்க முடியாத செவிலியர்கள் ஆகியோருக்கு நான் தயங்காமல் தனி வின்டர் டயரே சொல்வேன். ரிச்மண்ட் போன்ற சமதளத்தில் வீடும் வேலையும் உள்ளவர்களுக்கு அந்தப் பணம் வீண். அவர்களுக்கு நல்ல பள்ளமுள்ள ஆல் வெதர் போதும். இரண்டு டயரை மட்டும் முன்னால் போட்டுச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்: முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். குளிர் தொடங்கும்போது காற்றையும் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ குறைந்துவிடும்.

சென்ற வாரம் மழை விட்டிருந்த ஒரு மாலையில் நான்கு டயர்களையும் அளந்தேன். முன்னால் 5 மி.மீ., பின்னால் 5.5. முன்பின் மாற்றிப் போட்டு, காற்று பிடித்து வைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலம் தாங்கும். அடுத்த அக்டோபரில் 4.5க்குக் கீழே இறங்கியிருந்தால் மீண்டும் ஆல் வெதரே வாங்குவேன். மகள் அடுத்த ஆண்டு பர்னபி மலையில் படிக்கப் போகிறாள், மாலை வகுப்புகள் உண்டு. அவளிடம் வண்டியைக் கொடுப்பதாக இருந்தால் மட்டும் மீண்டும் இரும்பு ரிம் தேட வேண்டியிருக்கும்.