தம்பி காலேஜ் இண்டக்ஷன் ரெண்டு வாரம்: ஆடிட்டோரியம் ஃபெயில், கிளாஸ்ரூம் பாஸ்

கவுன்சிலிங் முடிச்சு சீட்டு வாங்கின வீட்டுல எல்லாம் இப்ப ஓடுற கேள்வி, "மொத ரெண்டு வாரம் இண்டக்ஷன்னு காலேஜ பழக்கி விடுற புரோகிராம் தானாம், பாடமே நடத்த மாட்டாங்களாமே, ஊர்லயே இருந்துட்டு கிளாஸ் ஆரம்பிச்சதும் போனா என்ன". எங்க சித்தி பையனுக்கு இந்த வருஷம் சீட்டு கெடச்சிருக்கு, சித்தி இதத்தான் கேட்டாங்க, ஃபோன்ல சொல்லி மாளல, சரி எழுதியே போட்டுடலாம்னு. தம்பி 2024ல சேந்தான். சென்னைய தாண்டி ஜிஎஸ்டி ரோட்ட விட்டு உள்ள போற ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ், அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேஷன். பேரு போடல, நல்லதும் சொல்லுவேன் திட்டவும் திட்டுவேன், அவன் படிப்பு முடியற வரைக்கும் அங்க தான் இருக்கணும்.

நான் 2014ல சேந்தப்ப இதெல்லாம் கிடையாது. கிண்டிக்கு நேர்ல போய் கவுன்சிலிங், அப்பாவும் நானும் ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து சீட்டு கொறையறத வயித்துல புளி கரைக்க பாத்துட்டு இருந்தோம். காலேஜ் தொறந்த அன்னைக்கு மொத ஹவரே எம் ஒன், அதான் மொத செமஸ்டர் மேத்ஸ், போர்டு ஃபுல்லா மேட்ரிக்ஸ், சார் இங்கிலீஷ்ல பிச்சு ஓட்டுறாரு, நான் தமிழ் மீடியம். செமஸ்டருக்கு நடுவுல காலேஜே வைக்கிற இண்டெர்னல் டெஸ்ட்டுன்னா என்னன்னு எனக்கு புரிஞ்சப்ப மொத இண்டெர்னல் முடிஞ்சே போயிருந்துச்சு. அந்த செமஸ்டர் ரெண்டு அரியர்.

அதனால தம்பி சிலபஸ்ல ஐபி3151னு நம்பரே போட்டு இண்டக்ஷன் புரோகிராம்னு இருந்தத பாத்ததும் எனக்கு பொறாமையா இருந்துச்சு, நெஜமா. அண்ணா யுனிவர்சிட்டியோட 2021 ரெகுலேஷன் படி ரெண்டு வாரம், கட்டாயம், கிரெடிட் எதுவும் இல்ல, இது முடிஞ்சா தான் ரெகுலர் கிளாஸ். இன்ஜினியரிங் மாதிரி தொழில்நுட்பப் படிப்புக்கெல்லாம் விதி போடுற ஏஐசிடிஇ சொல்லி வந்த ஏற்பாடு இது. அவங்க இத சும்மா ரூம் போட்டு யோசிக்கல, ஐஐடி காந்திநகர்ல 2011ல இருந்து நடக்குற ஃபவுண்டேஷன் புரோகிராம், ஹைதராபாத் ட்ரிபிள் ஐடில 2005ல இருந்து நடத்துற ஹியூமன் வேல்யூஸ் கிளாஸ், அங்க இருக்குற மெண்டர் (பசங்களுக்கு கூட இருந்து வழி சொல்றவங்க) முறை, இதெல்லாம் பாத்து தான் எழுதியிருக்காங்க. படிச்சா ஆசையா தான் இருக்கும், காலைல விளையாட்டு, பாட்டு, டிராயிங், பக்கத்து ஊர சுத்தி காட்டுறது, 20 பசங்களுக்கு ஒரு வாத்தியார்னு. அது ஜிஎஸ்டி ரோடு வந்து சேர்றப்ப எவ்வளவு மிஞ்சுதுன்னு பாக்கணும்ல.

மொத நாள் நான் லீவு போட்டு அம்மாவையும் கூட்டிட்டு போனேன். கேட்டுலயே செண்டை மேளம், பன்னீர், ரோஜாப்பூ, ஏதோ பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி வரவேற்பு. பத்து மணி ஃபங்ஷன் சீஃப் கெஸ்ட் வராம பதினொன்னே முக்காலுக்கு ஆரம்பிச்சுது. அப்புறம் சேர்மன் பேச்சு, பிரின்சிபால் பேச்சு, பிளேஸ்மெண்ட் ஆபிசர் வந்து எந்த கம்பெனி எவ்வளவு பேக்கேஜ்னு ஸ்லைடு மேல ஸ்லைடு, பசங்க இன்னும் ஹாஸ்டல்ல பெட்டியே பிரிக்கலங்க. கடைசியா ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கர். லைட்ட கொறச்சாங்க, சோகமா ஒரு புல்லாங்குழல் ஓடுச்சு, "உங்களுக்காக தேஞ்சு போனவங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க, கால்ல விழுங்க"ன்னாரு. ஆடிட்டோரியமே அழுவுது. தம்பி திருதிருன்னு முழிச்சுட்டு குனிஞ்சான், ரெண்டு வரிசைக்கு நடுவுல குனியறதுக்கு இடம் எங்க இருக்கு, முன் சீட்டுல மண்டை இடிச்சுது, அம்மா சட்டைய புடிச்சு தூக்கி "எந்திரிடா, எல்லாரும் பாக்குறாங்க, சாப்பாடு எப்ப போடுவாங்கன்னு கேளு"ன்னாங்க. சாப்பாடு ரெண்டே கால். வெஜ் பிரியாணி நல்லா இருந்துச்சு, அத சொல்லாம விட்டா பாவம்.

அப்புறம் அந்த வெல்கம் கிட்டு. ஒரு பேக், டீ ஷர்ட், டைரி, தண்ணி பாட்டில், 1,800 ரூபா. நான் ஏற்கனவே டிகிரி முடிச்சுட்டதால தம்பிக்கு ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை கிடையாது, ஆனா ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சேந்தவன், டியூஷன் ஃபீஸ் ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் கவர்மெண்டே கட்டிடும். அத சொல்லி கேட்டா கவுண்டர்ல இருந்தவரு நிமிந்து கூட பாக்காம "ஃபீஸ் வேற, கிட்டு வேற மேடம்". வேணாம்னவங்க பேர தனியா ஒரு நோட்டுல எழுதுறாங்க. மொத நாளே பேரு நோட்டுல ஏறணுமான்னு அம்மா பயந்துட்டாங்க, கட்டிட்டோம். இத நான் மன்னிக்கவே மாட்டேன்.

ராகிங் விஷயத்துல குறையே சொல்ல முடியாது. அம்மாவுக்கு காலேஜ்னாலே அந்த பயம் தான், 1996ல ராகிங்ல மெடிக்கல் மாணவன் நாவரசுவ சீனியர் கொன்ன கேஸ் நடந்தப்ப பேப்பர்ல படிச்சது இன்னும் மனசுல இருக்கு. அதுக்கு அடுத்த வருஷமே தமிழ்நாட்டுல ராகிங்குக்குன்னு தனி சட்டம் வந்துடுச்சும்மான்னு சொன்னா "சட்டம் ஹாஸ்டல் ரூமுக்குள்ள வருமா"ன்னு கேக்குறாங்க. மாணவனும் பெத்தவங்களும் குடுக்குற ஆண்டி ராகிங் உறுதிமொழிய கம்ப்யூட்டர் லேப்ல உக்கார வெச்சு அங்கயே முடிச்சாங்க, வார்டன் ஒவ்வொருத்தரையும் 1800 180 5522 நம்பர ஃபோன்ல சேவ் பண்ண வெச்சாரு. அம்மா அவங்க பட்டன் ஃபோன்லயும் ஏத்த சொன்னாங்க, ஏத்தினோம்.

இனிமே நான் பாத்தது இல்ல, தம்பி ராத்திரி ஃபோன்ல சொன்னது. மூணாவது நாள் ஃபோன எடுத்ததும், "அக்கா, அப்சர்வேஷன் நோட்டு வேற ரெக்கார்டு நோட்டு வேற, உனக்கு தெரியுமா?"

"தெரியும்டா."

"அப்புறம் ஏன் சொல்லல நீ?"

என்னத்த சொல்றது. விஷயம் என்னன்னா 22 பேருக்கு ஒரு மெண்டர் போட்டிருக்காங்க, இவன் குரூப்புக்கு ஒரு கெமிஸ்ட்ரி மேடம். அவங்க ஹியூமன் வேல்யூஸ் ஸ்லைட பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு போர்டுல வார்த்தைங்கள எழுதி தமிழ்லயே விளக்கியிருக்காங்க. அப்சர்வேஷன்ல லேப்ல அடிச்சு திருத்தி எழுதலாம், சைன் வாங்கினதுக்கு அப்புறம் ரெக்கார்டுல நீட்டா ஏத்தணும். ஓடின்னா (ஆன் டியூட்டி, காலேஜ் வேலையா வெளிய போனா குடுக்குற அட்டெண்டன்ஸ்) என்ன, இங்க தான் படிக்கிறான்னு குடுக்குற போனஃபைடு சர்டிஃபிகேட் எந்த ஜன்னல்ல தருவாங்க எதுக்கெல்லாம் கேப்பாங்க, அரியர் வெச்சா வருஷம் போகாது ஆனா சேத்து வெச்சா என்ன ஆகும், இப்படி. தெனமும் கடைசி பத்து நிமிஷம், அன்னைக்கு புரியாம போன ஒரு வார்த்தைய சீட்டுல எழுதி பேர் போடாம குடுக்கணும். தம்பி எழுதினது "சிம்போசியம்", காலேஜுங்க நடத்துற டெக்னிக்கல் போட்டி விழா. பிரிச்சு படிச்சா அதே வார்த்தைய இன்னும் ஏழு பேரு எழுதியிருக்காங்க. அன்னைக்கு தான் அவன் குரல்ல ஒரு தெம்பு வந்துச்சு, அதுவரைக்கும் தனக்கு மட்டும் தான் தெரியலன்னு நெனச்சுட்டு இருந்திருக்கான்.

அதே மேடம், அரசுப் பள்ளில படிச்ச பசங்களுக்கு கவர்மெண்ட் மாசா மாசம் காசு போடுற தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு எமிஸ் நம்பர் (ஸ்கூல்ல குடுத்த மாணவர் நம்பர்), ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுண்ட் ரெண்டும் யார் யாருக்கு சரியா இருக்குன்னு ஒவ்வொருத்தனா செக் பண்ணியிருக்காங்க, ஆறு பேருக்கு இணைப்பு இல்ல, அந்த வாரமே பேங்குக்கு அனுப்பிட்டாங்க. மாசம் 1,000 ரூபாங்க, ஹாஸ்டல் பையனுக்கு அது பெரிய காசு. ஆனா இது எல்லாருக்கும் அமையாது. இவன் ரூம்மேட் குரூப்புக்கு வந்த சார் அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு ஃபோன நோண்டிட்டு உக்காந்திருப்பாராம், பசங்களும் ஃபோன நோண்டிட்டு உக்காந்திருப்பாங்களாம், ரெண்டு வாரமும் அப்படியே. ஒரே காலேஜ், ஒரே மாடி, நடுவுல ஒரு செவுரு.

மத்ததெல்லாம் சுருக்கமா. பைதான் அறிமுகம்னு மூணு நாள் வெச்சாங்க, ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு போர், தம்பி மாதிரி பயோ மேக்ஸ் குரூப்புக்கு தலைய சுத்துச்சு, ரெண்டா பிரிச்சிருக்கலாம். விளையாட்டு வாலிபால் நெட்டு ஒன்னே ஒன்னுக்கு அறுபது பேரு. ஊர் சுத்தி காட்டுறேன்னு செப்டம்பர்ல வேடந்தாங்கல் கூட்டிட்டு போனாங்க. மழை பேஞ்சு ஏரி ரொம்பி நவம்பருக்கு மேல தான் அங்க பறவையே வரும், அது எங்க ஊர் பக்கம் சின்ன பசங்களுக்கே தெரியும், இவங்க காஞ்ச ஏரி முன்னாடி நிக்க வெச்சு குரூப் ஃபோட்டோ எடுத்துட்டு பஸ் ஏத்திட்டாங்க. தம்பி அனுப்பின ஃபோட்டோல ஒரு காக்கா இருந்துச்சு.

ஆக சித்தி, பையன கண்டிப்பா மொத நாள்ல இருந்தே அனுப்புங்க. கூட போறவங்க காலைல நல்லா சாப்ட்டுட்டு போங்க, ஸ்டேஜ் ஃபங்ஷன்ல தூக்கம் வந்தா தூங்கலாம், ஒன்னும் நஷ்டம் இல்ல. மெண்டர் ரூம் ஹவர மட்டும் விடக்கூடாது, மெண்டர் சரியில்லன்னா பக்கத்து குரூப் பையன் ஒருத்தன ஃப்ரெண்டு புடிச்சுக்க சொல்லுங்க. ஆதார், டிசி, கம்யூனிட்டி சர்டிஃபிகேட் எல்லாம் பத்து பத்து ஜெராக்ஸ் எடுத்து குடுத்து விடுங்க, காலேஜ் வாசல் கடைல ஒரு பக்கம் அஞ்சு ரூபா. கிட்டு கட்டாயமான்னு எழுத்துல கேளுங்க, எழுத்துலன்னதும் பேச்சு மாறுதுன்னு பின்னாடி வேற பேரண்ட்ஸ் சொன்னாங்க, எங்களுக்கு தான் லேட்டா தெரிஞ்சுது. எங்க கிட்டோட பேக் ஜிப்பு ரெண்டாவது வாரமே புடுங்கிக்கிச்சு. டைரி மட்டும் வீட்டுல இருக்கு, அம்மா பால் கணக்கு எழுதுறாங்க.