கோகோபீட் கலவையில் நாற்று மாற்றி நட்ட நான்கு வருட அனுபவம்

நான்கு வருடங்களாக வீட்டிலேயே விதை போட்டு, நாற்றெடுத்து, தொட்டி மாற்றி வளர்த்து வருகிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி, சாமந்தி, குச்சி நட்டு வேர் பிடித்த செம்பருத்தி. தொட்டிகளும் உரங்களும் பலமுறை மாறிவிட்டன. கோகோபீட் என்கிற தென்னை நார்க்கழிவு மட்டும் மாறவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தும் விதம் நிறைய மாறியிருக்கிறது.

முதல் வருடம், அழுத்திய கட்டியாக வரும் கோகோபீட்டைத் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே நிரப்பினேன். ஐந்து கிலோ கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் அளவுக்குப் பொங்கி வரும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். இரண்டு வாரத்தில் மிளகாய் நாற்றுகளின் இலை நுனிகள் கருகின. காரணம் உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் இருக்கின்றன, மட்டையை உப்புநீரில் ஊறவைத்திருந்தால் இன்னும் கூடும். இப்போது பையில் ‘அலசியது’ என்று எழுதியிருந்தாலும் மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகுதான் எடுக்கிறேன். சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் போட்டுக் கீரை விதை தூவிப் பார்ப்பேன். ஒழுங்காக முளைத்தால் சரி.

அடுத்தது, இதில் சத்து என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. விதை தனக்குள் இருக்கும் உணவை வைத்து முளைத்துவிடும். முதலில் விரியும் விதையிலைகளுக்குப் பிறகு உண்மையான இலைகள் வர ஆரம்பித்ததும் பசி எடுக்கும், இலை வெளிறும். அதனால் விதைக்க மட்டும் தனிக் கோகோபீட். மாற்றி நடும்போது கோகோபீட், மண், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு.

இதன் பெரிய குறை தண்ணீர் விஷயத்தில்தான். மேலே காய்ந்து வெளிறிப்போயிருக்கும், விரலை உள்ளே விட்டால் சொதசொதவென்று இருக்கும். மேல்பரப்பைப் பார்த்துத் தினமும் ஊற்றி ஒரு தட்டு தக்காளி நாற்றை மொத்தமாக இழந்தேன். மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல் போல மெலிந்து, காலையில் எல்லாம் சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல். அன்று மிகவும் வருத்தப்பட்டேன். அதற்குப் பிறகு கண்ணை நம்புவதில்லை, கையை நம்புகிறேன். தண்ணீர் ஊற்றியவுடன் நாற்று இருக்கும் குவளையைத் தூக்கி அதன் கனத்தை மனதில் வைத்துக்கொள்வேன். மறுநாள் தூக்கினால் கனம் குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் செய்தாலே கை பழகிவிடும்.

தொட்டி மாற்றுவதில் நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்டது தொட்டியின் அளவு. ஒரே நாளில் முளைத்த மிளகாய் நாற்றுகளில் சிலவற்றை நேராக 12 இன்ச் தொட்டியிலும், மீதியை 4 இன்ச் குவளையிலும் வைத்தேன். பெரிய வீட்டில் வைத்தால் நன்றாக வளரும் என்று நினைத்தேன். பெரிய தொட்டியில் இருந்தவை இரண்டு மாதம் அசையவே இல்லை. நான்கு வேர் அவ்வளவு ஈரத்தையும் குடித்துத் தீர்க்க முடியாது, மண்ணுக்குள் காற்றும் போகாது. குவளையில் இருந்தவை அதற்குள் ஒரு முறை மாறி, கிளையும் விட்டுவிட்டன. இப்போது 4, 8, 12 என்று படிப்படியாகத்தான் ஏற்றுகிறேன். தொட்டியின் அடியில் கூழாங்கல் போடுவதையும் விட்டுவிட்டேன். கல் போட்டால் ஈரம் தேங்கும் இடம் மேலே வேர் பக்கம் ஏறுகிறதே தவிர, வடிகால் கூடுவதில்லை. துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று வேரே சொல்லும். முந்தைய நாள் தண்ணீர் விட்டு, சாயங்காலம் குவளையை மெல்ல அமுக்கி, தண்டின் இரு பக்கமும் விரலை வைத்துக் கவிழ்த்தால் கலவை அப்படியே குவளை வடிவில் வெளியே வரும். பழுப்பு நாரைச் சுற்றி வெள்ளை வேர்கள் வலை பின்னியதுபோல் தெரிந்தால் சரியான நேரம். உதிர்ந்து கொட்டினால் அவசரப்பட்டுவிட்டோம். தட்டிலிருந்து எடுக்கும் சின்ன நாற்றை இலையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் செடியே போய்விடும். தக்காளியை மட்டும் விதையிலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். அப்புறம் மூன்று நான்கு நாள் நிழல். மறுநாள் மதியம் தலை தொங்கும், பதறித் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாலையில் நிமிர்ந்தால் செடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நீண்ட நாள் தொட்டிக்கு வந்தால் என் மதிப்பீடு கொஞ்சம் குறைகிறது. கோகோபீட் மெல்ல மக்கும். ஒரு வருடத்தில் கலவை நான்கு விரல்கடை இறங்கிவிடுகிறது. முழுக்கக் காய்ந்தால் தொட்டிச் சுவரை விட்டு விலகி, ஊற்றும் தண்ணீர் இடுக்கு வழியே ஓடிவிடும். அப்போது தொட்டியையே ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் உட்காரவைக்க வேண்டும். அதனால் நாற்றுக்கும் சின்னக் குவளைக்கும் தாராளமாக, 12 இன்ச்சுக்கு மேல் கால் பங்கு மட்டும் என்று நிறுத்திக்கொண்டேன். அந்த அளவில் வைத்த செம்பருத்தி மூன்றாவது தொட்டிக்கு மாறி ஏழு மாதம் ஆகிறது, கலவை இன்னும் இறங்கவில்லை.