சவுண்ட் கார்டு போச்சு என்பார்கள், முதலில் சார்ஜரை உருவிப் பாருங்கள்

வீட்டிலேயே லேப்டாப்பில் பாட்டு, கதை, பேச்சு என்று பதிவு செய்கிறவர்கள் திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. என் லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடை வண்ணார்பேட்டையில் இருக்கிறது. பெயர் வேண்டாம், இல்லாத பழுதைச் சொல்லிக் காசு வாங்கும் இந்த வித்தை தெரிந்த கடை அது ஒன்று மட்டுமில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்து வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் கோயில் கொடை இல்லாத மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து பாடுவார். அதைப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வெட்டி ஒட்டி வைப்பது என் வேலை. கொஞ்ச நாளாகப் பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வில்லும் உடுக்கையும் சேர்ந்து அடிக்கும்போது தெரியாது. அவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினால் போதும், அந்த இரைச்சல்தான் முன்னால் வந்து நிற்கும்.

கடைப் பையன் ஹெட்போனில் பழைய பதிவைக் கேட்டான். "சவுண்ட் கார்டு அடி வாங்கிட்டு அண்ணாச்சி, மாத்திருவோம்" என்றான். லேப்டாப்பில் அப்படிக் கழற்றி மாட்டுகிற கார்டு ஏது, எல்லாம் மதர்போர்டிலேயே சிப்பாக இருக்குமே என்று கேட்டதும் "அதான், அந்த ஐசியைச் சொல்லுதேன்" என்று பேச்சு மாறியது. அதற்கு 4,500 ரூபாய். "இந்த மைக்கை வச்சு என்ன பண்ணுதீய, ஸ்டூடியோ கண்டென்சர் இருக்கு" என்று ஒரு மைக்கும் ஸ்டாண்டும் 3,200 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். பில் கேட்டால் "ஜிஎஸ்டி சேத்துப் போடணும், கூட வரும்" என்றார்கள். கழற்றிய ஐசியைக் காட்டச் சொன்னேன். குப்பையில் போட்டாச்சாம்.

கடையில் பதிவு செய்து காட்டியபோது இரைச்சல் சுத்தமாக இல்லை. வீட்டுக்கு வந்து சார்ஜரைப் பிளக்கில் செருகியதும் அதே 'ம்ம்ம்'.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்க் கொடைக்கு மைக்செட் போடுகிற அண்ணாச்சி. கேட்டவுடனே "சார்ஜரை உருவுங்க" என்றார். உருவினேன், நின்றுவிட்டது. திரும்பச் செருகினால் திரும்ப வந்தது. எங்களுடையது பழைய ஓட்டு வீடு, அந்த அறை வயரிங்கில் எர்த் கிடையாது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சார்ஜருக்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் லேப்டாப்பின் உடம்பில் நின்று, மைக் வயர் வழியாகப் பதிவுக்குள் இரைச்சலாக ஏறும். சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று இருக்கிறதா? அதுவும் இதே கசிவுதான். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் கன்வெர்ட்டரைப் போட்டாலும் இதே கதை. கடையில் எர்த் ஒழுங்காக இருந்தது, அதனால் அங்கே இரைச்சல் வரவில்லை. எலக்ட்ரீசியனை வைத்து எர்த் போடுங்கள். அதுவரை பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள்.

அடுத்து அந்த மைக். உண்மையான கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும். அதை ஆடியோ இன்டர்ஃபேஸோ (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் தனிப் பெட்டி) மிக்சரோ தரும். லேப்டாப் ஹெட்போன் துளையிலிருந்து வருவது சில வோல்ட்தான். மலிவு மைக்குகள் சில அதிலும் ஓடும், ஆனால் சத்தம் கம்மியாக வரும். அதை ஏற்ற மைக் பூஸ்டைக் கூட்டினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். என் கதை அதைவிட மோசம். லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளை. அதற்கு பிளக் முனையில் மூன்று கறுப்பு வளையம் வேண்டும், கடைக்காரர் கொடுத்த வயரில் இரண்டுதான். ஆகவே அந்த மைக்கை லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. கடையில் திரையில் அலை ஆடியதெல்லாம் லேப்டாப்பின் உள்ளே இருக்கும் மைக்கால்! இதைச் சோதிக்கச் சுலபமான வழி, பதிவை ஓடவிட்டு மைக்கின் தலையை நகத்தால் தட்டுவது. அப்புறம் கேமரா பக்கத்தில் தட்டுவது. எதற்கு அலை துள்ளுகிறதோ அதுதான் உங்கள் மைக். காசு கொடுப்பதற்கு முன்னால், கடையிலேயே தட்டுங்கள்.

இவ்வளவும் பணக் கணக்கு. எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு. "ஃபார்மேட் பண்ணா நல்லா இருக்கும்" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். "ஃபைல் எல்லாம் எடுத்து வச்சிட்டோம்" என்று ஒரு பென் டிரைவ் தந்தார்கள். திறந்தால் பாட்டின் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது, ஒன்றிலும் சத்தம் இல்லை. ஆடாசிட்டியின் பழைய பதிப்புகள் ஒரு வேலையை இரண்டாக வைக்கும். ஏயூபி என்று முடியும் சின்னக் கோப்பில் வெறும் குறிப்பு மட்டும். சத்தம் முழுக்க அதே பெயரோடு 'டேட்டா' என்று முடியும் ஃபோல்டரில், நூற்றுக்கணக்கான துண்டுகளாக இருக்கும். அவர்கள் குறிப்பை எடுத்துவிட்டு ஃபோல்டரைக் குப்பையென்று விட்டுவிட்டார்கள். 2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து எல்லாம் ஏயூபி3 என்ற ஒரே கோப்பு, அதனால் முதல் வேலையாகப் புதிய பதிப்புக்கு மாறுங்கள். முடித்து வேவ் கோப்பாக நான் வெளியே எடுத்து வைத்திருந்த பாட்டுகள் தப்பின. வெட்டாமல் கிடந்தவை போயின. மீட்பு மென்பொருள் போட்டுப் பார்த்ததில் கொஞ்சம் துண்டுகள் வந்தன, பெயரும் வரிசையும் இல்லாமல். எது எந்தக் கதை என்று அந்தப் பாட்டுக்காரருக்கே தெரியவில்லை.

புது விண்டோஸால் வந்த சின்ன வம்புகளையும் சொல்லிவிடுகிறேன், இதற்கும் தனியாகக் காசு கேட்பார்கள். பதிவில் ஒரே நேர்கோடு வந்தால் பிரைவசி பகுதிக்குப் போய் மைக்ரோபோன் அனுமதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உடுக்கையின் கார்வை பாதியில் வெட்டுப்பட்டால் மைக் அமைப்பில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்டை அணையுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி பேச்சுக்காகச் செய்தது, உடுக்கையை அது இரைச்சல் என்றே நினைக்கும்.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாததால் யூபிஐயில் பணம் போன விவரம், வாட்ஸ்அப் பேச்சு, அவர்கள் தந்த பென் டிரைவ் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதன் பிறகு கடைக்காரரே போன் செய்தார். மைக்கைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருகிறாராம். செய்யாத ஐசி வேலைக்கு வாங்கிய 4,500 பற்றிப் பேச்சே இல்லை. அது வராமல் மைக்கைக் கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.