நாற்பத்து நாலு வயதில் ரேஸ் சீட்: பழைய டீமா, புது டீமா, சொந்தக் காரா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த சீசனுக்கு எனக்கு மூன்று வழிகள் இருந்தன. பெயர்பெற்ற பழைய டீமில் ஃபார்முலா கார் (ஒருவர் மட்டும் உட்காரும், மேலே திறந்த பந்தயக் கார்), புதிதாகத் தொடங்கிய ஒரு டீமில் டூரிங் கார் (சாதாரண மூடிய காரைப் பந்தயத்துக்கு மாற்றியது), இல்லையென்றால் நானே ஒரு கார் கட்டி நானே ஓட்டுவது. புது டீமில் சேர்ந்தேன். பாண்டிச்சேரியில் ரேஸ் ஓட்டும் நாலைந்து பேரும் "ஏண்ணே அங்க போய்ச் சேர்ந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதைச் சேர்த்து எழுதினால் இப்படி வரும்.

மூன்றுக்கும் பொதுவானவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் லைசென்ஸ் எதற்கும் வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். ஹெல்மெட், தீ தாங்கும் உடை எல்லாம் அவரவர் செலவு. சென்னைக்குப் பக்கத்தில் ரேஸ் டிராக் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் பாதையும் மாறாது: திண்டிவனம், செங்கல்பட்டு, சிங்கபெருமாள் கோயிலில் திரும்பி ஒரகடம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வேயில் ரவுண்டு (சீசனின் ஒரு கட்டப் பந்தயம்) வைத்தால் முந்தைய நாளே கிளம்ப வேண்டும், அது எந்த டீமாக இருந்தாலும்தான். காரை ஓட்ட டீமுக்கு நாம் கட்டும் சீட் கட்டணத்தில் வித்தியாசம் உண்டு, ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. தொகையை எழுதப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் பேரம் வேறு, ஸ்பான்சர் வேறு.

பழைய டீம் கொடுக்க வந்தது எல்ஜிபி ஃபார்முலா 4. ஸ்விஃப்ட்டின் 1300 சிசி இஞ்சின் நடுவில் உட்கார்ந்து பின் சக்கரங்களைத் தள்ளும் கார். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால் ஜெயித்தால் அது ஓட்டுகிறவனின் ஜெயம், அதில் சந்தேகமில்லை. இந்த டீமிடம் பல வருட செட்டப் குறிப்புகள் இருக்கின்றன. மழை பெய்தால் டயரில் எவ்வளவு காற்று, வெயில் ஏறினால் எந்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) என்று மெக்கானிக் நோட்டைப் புரட்டாமலே சொல்வார். வயது இருபதுகளில் இருந்தால் யோசிக்காமல் இங்கேதான் போகச் சொல்வேன். நான் எடை கூடியவன். அவ்வளவு இலேசான காரில் பத்து கிலோ வித்தியாசம் நேர்ப்பாதையின் முடிவில் கண்ணுக்கே தெரியும். பக்கத்து காரில் இருக்கும் பையனுக்குப் பதினெட்டு வயது, அவனுக்குக் கழுத்து வலி என்றால் என்னவென்றே தெரியாது. இதையெல்லாம்கூட உடற்பயிற்சியில் ஓரளவு சரிக்கட்டலாம். என்னை நிறுத்தியது ஒப்பந்தத்தின் மூன்றாவது பக்கம். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் சொந்தக் கார். நம் ஊரில் யோசிக்கிற எல்லாருக்கும் முதலில் வருகிற ஆசை இதுதான். அஜித்குமார் சொந்த டீம் அமைத்து 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கியதிலிருந்து ஆசை இன்னும் கூடியிருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் அவர் அதைச் செய்தார், வணங்கத்தான் வேண்டும். ஆனால் அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பயிற்சியில் அவருடைய போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்று நொறுங்கியது. சில நாட்களில் அவருடைய டீம் தன் கார் வகுப்பில் மூன்றாவதாக வந்தது. அந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே எத்தனை உதிரி பாகம், எத்தனை மெக்கானிக், எவ்வளவு பணம் நின்றிருக்கும்! அது இருக்கிறவர்களுக்குச் சொந்த டீம் சரி.

நமக்குக் கூடுதலாக ஒரு வில்லன் உண்டு, கடல். நான் இருப்பது லாஸ்பேட்டை. இங்கே ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்திய காரின் பிரேக் டிஸ்க்கைப் பார்த்திருப்பீர்கள். ரேஸ் காரில் இன்னும் மோசம். எடையைக் குறைக்க உள்ளே இருக்கும் பூச்சு, அடியில் இருக்கும் தார் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுவோம், வெறும் தகடு உப்புக் காற்றில் நிற்கும். கார் உருண்டால் ஓட்டுகிறவனைக் காக்கும் கூண்டான ரோல் கேஜை வெல்டிங் செய்த இடங்கள்தான் முதலில் துருப் பூக்கும். ரேஸ் கார் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஷெட்டில்தான் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எனக்குத் தெரிந்த ஒருவர் தரைத்தளத்தில் வைத்திருந்த காருக்குள் இருக்கை வரை தண்ணீர், வயரிங் முழுக்கப் போனது. விற்கும்போதும் இதே கதைதான். சென்னை, கோயம்புத்தூர்க்காரர்கள் வாங்க வந்தால் கேட்கிற முதல் கேள்வி, "கார் எந்த ஊர்ல நின்னுச்சு?" பிஒய் நம்பர் போட்ட சொகுசுக் கார்களுக்கு வரி குறைவு என்று ஊரெல்லாம் தேடி வந்து வாங்குவார்கள். பாண்டிச்சேரியில் நின்ற ரேஸ் காருக்கு அந்த மரியாதை கிடையாது.

சொந்தக் காரை நான் கட்டிப் பார்த்ததில்லை. நண்பர்களின் ஷெட்டில் நின்று பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். மெக்கானிக் வேலை கையில் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

இனி மூன்றாவது பக்கம். ரேஸ் ஓட்டாதவர்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்முடைய சாதாரண வாகன இன்ஷூரன்ஸ் பாலிசி பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது, அது பாலிசியிலேயே எழுதியிருக்கும். அதனால் டிராக்கில் உடைவது எல்லாமே யாரோ ஒருவர் பாக்கெட்டிலிருந்துதான் போக வேண்டும். யார் என்று முடிவு செய்வது நீங்களும் டீமும் கையெழுத்துப் போடும் அந்த ஒரு பக்கம். சீட் கட்டணம் எவ்வளவு என்று மணிக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை. முன்பக்கமாக ஒரு மோதல் நன்றாக விழுந்தால் அந்த ரவுண்டுக்குக் கட்டிய கட்டணத்தை அது தாண்டிவிடும்.

பழைய டீமின் முறை இது: சீசன் தொடங்கும் முன் ஒரு டெபாசிட். எது உடைந்தாலும், யார் இடித்திருந்தாலும், அதிலிருந்து கழியும். குறைந்தால் அடுத்த ரவுண்டுக்கு முன் நிரப்ப வேண்டும். வாடகை வீட்டு அட்வான்ஸ் மாதிரிதான், சுண்ணாம்புக்கு, குழாய்க்கு என்று கழித்துக் கடைசியில் கைக்கு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஐந்தாறு கார் ஓட்டும் டீம் வேறெப்படி நடத்த முடியும்? ஆனால் ஃபார்முலா காருக்கு இந்த விதி கொடுமையானது. சக்கரங்கள் வெளியே நிற்கின்றன. சக்கரத்தோடு சக்கரம் லேசாக உரசினாலும் சஸ்பென்ஷன் ஆர்ம் வளையும், மூக்கு போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் ரேடியேட்டரும் போகும். மூடிய டூரிங் காரில் அதே உரசலுக்குக் கதவு நசுங்கும், ஓட்டுகிறவன் பந்தயத்தை முடித்துவிட்டு வந்து சுத்தியலால் தட்டிக்கொள்வான்.

புது டீமை நடத்துகிற பையனுக்கு முப்பது வயது இருக்கும். முதல் சந்திப்பில் நான் என்னுடைய பழைய லேப் டைம்களை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கிப் பார்க்கவே இல்லை. "அண்ணா, அது இருக்கட்டும். எங்க கார்ல என்ன குறைன்னு வந்து சொல்லத் தெரிஞ்ச ஆள் வேணும். பசங்க இறங்கி வந்து 'முன்னாடி பிடிக்கல'ன்னு மட்டும் சொல்றாங்க. எங்க பிடிக்கல, பிரேக் விடும்போதா, திருப்பும்போதா, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதா, அது யாருக்கும் தெரியல" என்றான். அங்கேதான் எனக்குப் பேரம் பேச இடம் கிடைத்தது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. மூன்றாவது பக்கத்தை மாற்றச் சொன்னேன்.

பேசி முடித்தது இப்படி. ஒரு ரவுண்டுக்கு என் பங்கு சேதத்துக்கு உச்சவரம்பு, அதற்கு மேல் போனால் டீமுடையது. மோதலில் ஸ்டூவர்டுகள் (பந்தய நடுவர்கள்) எனக்குத் தண்டனை கொடுத்தால் வரம்பு வரை நான். எதிராளிக்குக் கொடுத்தால் டீம். யார் தப்பும் இல்லை என்று விட்டுவிட்டால் பாதிப் பாதி. முதல் லேப்பின் முதல் வளைவில் நடப்பவை பெரும்பாலும் அப்படித்தான் முடியும், அதனால் இந்த வரியை விட்டுவிடாதீர்கள். இஞ்சின் வெடித்தால் டீம் பொறுப்பு, ஆனால் தவறான கியரில் இறக்கி இஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று ஓவர் ரெவ் ஆனதாக, காரின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் காட்டினால் என் பொறுப்பு. அந்தக் கடைசி நிபந்தனையை அவன்தான் கேட்டான். நியாயமாகப் பட்டது.

இது வெறும் பணக் கணக்கு என்று நினைத்தால் ரேஸ் புரியவில்லை என்று அர்த்தம். டெபாசிட் பாதி கரைந்த நிலையில் ஓட்டும்போது நேர்ப்பாதையின் முடிவில் கால் தானாகவே சீக்கிரம் பிரேக்குக்குப் போகும். என் பழைய டேட்டாவை விரித்தால் சீசனின் தொடக்கத்தில் ஒரு பிரேக் புள்ளி, முடிவில் இன்னொரு புள்ளி. நடுவில் வயது ஏறவில்லை, பில் ஏறியிருந்தது. இடைவெளி தெரிகிறது, நுழையலாம், ஆனால் உள்ளே இருக்கிறவன் மூடிவிட்டால்? இருபது வயதுக்காரனுக்கு அந்தக் கேள்வியை அப்பா யோசிப்பார். நமக்கு நாமே யோசிக்க வேண்டும், பள்ளிக் கட்டணம் கட்டும் மாதம் எது என்பதையும் சேர்த்து.

ஃபார்முலா 1 என்ற பெரிய உலகத்திலும் வயதான ஓட்டுநர்கள் தேடுவது வேகமான காரை மட்டுமல்ல, நிபந்தனைகளையும்தான். 2022 ஆகஸ்டில் ஃபெர்னாண்டோ அலோன்சோ ஆல்பைனை விட்டு ஆஸ்டன் மார்ட்டினுக்குப் போவதாக அறிவித்தபோது வயது 41. ஆல்பைன் ஒரு வருடமும் அதற்கு மேல் விருப்பமிருந்தால் இன்னொன்றும் என்று பேசியது. ஆஸ்டன் மார்ட்டின் பல வருட ஒப்பந்தம் கொடுத்தது. 2023-இல் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடையேறினார். ஆனால் 2024-இல் ஒருமுறைகூட இல்லை, புது இடத்தை மட்டும் பாராட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதற்கு அதையும் சொல்ல வேண்டும். லூயிஸ் ஹாமில்டன் 40 வயதில் ஃபெராரிக்குப் போன 2025-இல் ஷாங்காயில் ஸ்பிரின்ட் எனப்படும் குறும்பந்தயத்தை வென்றார், முழுப் பந்தயமான கிராண்ட் ப்ரீயில் மேடை ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது காடில்லாக்தான். 2026-க்குப் பதினோராவது டீமாக வரும்போது செர்ஜியோ பெரெஸையும் வால்டேரி போட்டாஸையும் எடுத்தார்கள். இருவரும் 2025-இல் சீட் இல்லாதவர்கள், போட்டாஸ் மெர்சிடஸில் ரிசர்வ் ஓட்டுநர். இருவருக்கும் சேர்த்து 16 வெற்றிகள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து கார் கட்டுகிறவர்களுக்கு, கார் எங்கே தப்புகிறது என்று வார்த்தையில் சொல்லத் தெரிந்தவர்கள் தேவை. இருங்காட்டுக்கோட்டை பிட்டிலும் அதே தேவைதான், பூஜ்யங்கள் மட்டும் குறைவு.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். புது டீமின் டூரிங் கார் முன் சக்கரம் இழுக்கும் கார், அது எனக்கு முழுமையாகப் பழகவில்லை. திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பகுதி எல்லாம் முன் டயர் இரண்டின் தலையில்தான் விழுகிறது. பாதிப் பந்தயத்தில் அவை சூடேறிப் பிடி விடும்போது, ஃபார்முலா கார் பழக்கத்தில் ஆக்சிலரேட்டரை எடுத்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே வெப்பம் தாங்க முடியாதது. திறந்த காரில் காற்றாவது முகத்தில் அடிக்கும். டீமிடம் செட்டப் நோட்டு என்று ஒன்று இல்லை, நாங்கள்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் பயிற்சி முழுவதும் அதிலேயே போய்விடுகிறது, தொடக்க வரிசையை முடிவு செய்யும் குவாலிஃபையிங்கில் பின்வரிசைதான். மழையில் இந்தக் காரை ஓட்டிப் பார்த்தது மிகக் குறைவு என்பதால் அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது சீசனில் இந்த டீம் இருக்குமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஸ்பான்சர் ஒருவர் கையை விரித்தால் கார் ஷெட்டுக்குள் போய்விடும். அதனால் முழு சீசனுக்கும் முன்பணம் கொடுக்க மறுத்துவிட்டேன். ரவுண்டுக்கு ரவுண்டு, ஸ்க்ரூட்டினி (பந்தயத்துக்கு முந்தைய கார் சோதனை) முடிந்து கார் டிராக்கில் இறங்கத் தயாரான பிறகு பாதி, பந்தயம் முடிந்த திங்கள்கிழமை மீதி. பழைய டீமிடம் இதைக் கேட்டிருந்தால் சிரித்து அனுப்பியிருப்பார்கள். புது டீமில் சேரப் போகிறவர்கள் டயர் யார் வாங்குவது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். எங்களுக்குள் அது இன்னும் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது, அடுத்த ரவுண்டுக்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும்.