கவுன்சலர் உரிமமா, சோஷியல் வொர்க் உரிமமா?

அமெரிக்காவில் மனநல ஆலோசகராக ஆசைப்படுபவர்கள் முதலில் விசாரிப்பது பல்கலைக்கழகத்தின் பெயரையும் கட்டணத்தையும்தான். பட்டம் வாங்கியபின் எந்த உரிமத்துக்குப் போகப் போகிறோம் என்பதை அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டும். நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே முதுகலையோடு சிகிச்சை தரும் வேலைக்கு வர இரண்டு முக்கியப் பாதைகள்: எல்.எம்.எச்.சி. என்ற மனநலக் கவுன்சலர் உரிமம், எல்.சி.எஸ்.டபிள்யூ. என்ற கிளினிக்கல் சோஷியல் வொர்க் உரிமம். முனைவர் பட்டம் வரை போகும் சைக்காலஜிஸ்ட் பாதையும் உண்டு. உளவியல் சோதனைகளிலோ ஆராய்ச்சியிலோ நாட்டம் இல்லையென்றால் அது வேண்டாத சுமை.

இரண்டுமே 60 கிரெடிட் முதுகலை, முழுநேரமாகப் படித்தால் சுமார் இரண்டு ஆண்டு. களப்பயிற்சியில்தான் வித்தியாசம். கேக்ரெப் (கவுன்சலிங் படிப்புகளின் தரத்தைச் சோதிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற கவுன்சலிங் படிப்பில் 700 மணி நேரம். அதில் 280 மணியாவது வாடிக்கையாளரோடு நேரடி வேலை. சோஷியல் வொர்க் முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வில் 900 மணி. ஆனால் அது மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிக்கு வீல்சேர் ஏற்பாடு செய்வதாகவோ, இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டுவதாகவோ கழிந்துவிடலாம். சிகிச்சை மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு அது நல்ல பயிற்சியாகவே படுகிறது: வீட்டு வாடகை கட்ட முடியாதவரிடம் மூச்சுப்பயிற்சி பற்றி மட்டும் பேசி என்ன பயன்?

பட்டத்துக்குப் பிறகு கவுன்சலருக்கு மேற்பார்வையோடு 3,000 மணி நேரம்; தற்காலிக பெர்மிட்டில்தான் வேலை. சோஷியல் வொர்க்கில் தேர்வு எழுதி எல்.எம்.எஸ்.டபிள்யூ. என்ற முதல்படி உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டே, குறைந்தது மூன்று ஆண்டுகளில் 2,000 மணி நேரம் வாடிக்கையாளரோடு வேலை செய்து எல்.சி.எஸ்.டபிள்யூ.வுக்குப் போகலாம். மாணவர் விசாவில் வருபவர்கள் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி வழக்கமாக 12 மாதம். வாரம் 40 மணி வீதம் ஒரு வாரம்கூட விடாமல் உழைத்தாலும் 2,080 மணிதான் வரும். எந்தப் பாதையானாலும் மீதிக்கு வேறு விசா வழி வேண்டும். சேர்க்கைக் கடிதம் வாங்கும் சந்தோஷத்தில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

கவுன்சலர் தேர்வான என்.சி.எம்.எச்.சி.இ. எனக்குப் பிடித்த வடிவம்: 11 நோயாளிக் கதைகள், ஒவ்வொன்றிலும் முதல் விசாரிப்பும் அடுத்த இரண்டு அமர்வுகளும். மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது.

பணம் என்று வந்தால் கவுன்சலர்கள் வெகுகாலம் பின்தங்கியே இருந்தார்கள். முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேருக்கு அவர்கள் பில் அனுப்ப முடிந்ததே 2024 ஜனவரி 1 முதல்தான். சோஷியல் வொர்க்கர்களுக்கு அது பல்லாண்டு முன்பே கிடைத்துவிட்டது. இப்போது இருவருக்கும் ஒரே விகிதம், சைக்காலஜிஸ்ட் தொகையில் 75 சதவீதம். ஆனால் நோயைக் கண்டறிந்து பெயரிட, 2022-இல் வந்த சட்டப்படி, நியூயார்க் கவுன்சலர் தனி அனுமதி வாங்க வேண்டும். எல்.சி.எஸ்.டபிள்யூ.வுக்கு அது உரிமத்திலேயே அடக்கம்.

அப்புறம், மாநிலம் மாறுவது. கவுன்சலர் உரிமத்துக்கு டெக்சாஸில் எல்.பி.சி. என்று பெயர், கலிபோர்னியாவில் எல்.பி.சி.சி.; நிபந்தனைகளும் மாறும். கவுன்சலர்கள் மாநிலம் தாண்டி வேலை செய்ய வழிசெய்யும் ஒப்பந்தமான கவுன்சலிங் காம்பாக்டில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துவிட்டன, நியூயார்க் சேரவில்லை. ஒரே ஊரில் ஊன்றி, சிகிச்சை மட்டுமே செய்யப் போகிறவர் தயங்காமல் எல்.எம்.எச்.சி. எடுக்கலாம். கணவர் அல்லது மனைவியின் வேலைக்காக எப்போது எங்கே போவோம் என்று தெரியாதவருக்கு நான் எம்.எஸ்.டபிள்யூ.வைத்தான் சொல்வேன்.