என் தைராய்டு மாத்திரை 88-ல் வந்து நின்றது எப்படி

தைராய்டு மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகப்போகிறது. இப்போது எடுப்பது 88 மைக்ரோகிராம். இந்த அளவுக்கு வந்து சேரவே ஏறக்குறைய பாதிக் காலம் போய்விட்டது. மருந்து என்னவோ லீவோதைராக்சின் என்ற ஒரே மருந்துதான், அதாவது தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோனின் மாத்திரை வடிவம். மாறி மாறிப் பார்த்த மருத்துவர்கள் ரிப்போர்ட்டில் இருந்த எண்ணைப் பார்த்தார்களே தவிர, மாத்திரையை நான் எப்போது, எதனோடு சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குள்ள பெரிய குறை அதுதான். இதே மாத்திரையோடு அல்லாடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

ஆரம்பம் எல்லோருக்கும் போலத்தான். திருச்சி ஏப்ரல் வெயிலில்கூடக் கை கால் சில்லிட்டிருக்கும். குரல் கம்மிவிட்டது, மலச்சிக்கல், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அசதி. ரத்தம் பார்த்ததில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது கூடும்) 30-ஐத் தாண்டியிருந்தது. தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் டி.பி.ஓ. ஆன்டிபாடியும் அதிகம். அதாவது ஹாஷிமோட்டோ நோய்: நம் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ இதை 1912-ல் விவரித்தார். அயோடின் உப்பைக் கூட்டிப் போட்டால் சரியாகும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். இந்த வகைக்கு அது மருந்தல்ல.

முதலில் 25, அப்புறம் 50. டி.எஸ்.ஹெச். 4.9-க்கு இறங்கியது. லேப் போட்டிருந்த மேல் எல்லை 5.5. "நார்மல் ஆயிடுச்சும்மா, இதையே சாப்பிடுங்க" என்றார் மருத்துவர். அசதி அப்படியே இருக்கிறது என்றதற்கு, "வீட்டு வேலை, ஆபீஸ் டென்ஷன், அதெல்லாம் இருக்கும்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். நார்மல் எல்லை என்பது நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் அளவு. அதற்குள் எந்த இடம் எனக்குச் சரி என்பது வேறு கேள்வி. மாத்திரை சாப்பிடும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு எல்லையின் கீழ்ப்பாதியில் வைக்கப் பார்க்கும் மருத்துவர்கள் உண்டு. வயதானவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். இதை எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து பார்த்தவர் இதற்கு நேர்மாறு. 50-ஐ ஒரே தாவலில் 100 ஆக்கினார். மூன்றே வாரத்தில் டெஸ்ட் எடுக்கச் சொல்லி, அதைப் பார்த்து 75 ஆக்கினார். மறுபடி ஒரு மாதத்தில் டெஸ்ட், மறுபடி மாற்றம். உடம்பில் இருக்கும் தைராக்சின் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். டோஸை மாற்றினால் ரத்தத்தில் அளவு நிலைப்பட ஐந்தாறு வாரம் வேண்டும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். பார்ப்பது வழக்கம். அதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட் எதுவும் புது டோஸின் முழு பலனைக் காட்டியிருக்காது. அவற்றை நம்பித்தான் என் டோஸ் ஏறி இறங்கியது.

இங்கே ஒரு விஷயம். டி.எஸ்.ஹெச். கூடினால் மாத்திரை கூடிவிட்டது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தலைகீழ். டி.எஸ்.ஹெச். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி போடும் உத்தரவு. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது கூடும், ஹார்மோன் மிஞ்சினால் குறையும். அதுவும் ஹார்மோனில் வரும் சின்ன மாற்றம் டி.எஸ்.ஹெச்.-ல் பல மடங்காகத் தெரியும். 12.5 மைக்ரோகிராம் வித்தியாசம் காகிதத்தில் பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

மோசமான காலம் அதற்குப் பிறகு வந்தது. மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகி ஹீமோகுளோபின் குறைந்ததால், மகப்பேறு மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். தைராய்டு சீட்டிலும் "காலை, வெறும் வயிற்றில்". இரும்புச் சீட்டிலும் "காலை, வெறும் வயிற்றில்". இரண்டு சீட்டையும் மருந்துக் கடையில் ஒன்றாகத்தான் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரும்பு தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. டி.எஸ்.ஹெச். 11-க்குப் போனது. காரணம் தேடாமல் டோஸை 125 ஆக்கினார்கள். பிறகு இரும்பு மாத்திரை முடிந்தது, 125 மட்டும் தொடர்ந்தது. சில வாரங்களில் படபடப்பு, கை நடுக்கம், நடுராத்திரியில் வியர்த்து விழிப்பு. அதற்கு ஒருவர் பதற்றத்துக்கான மாத்திரை எழுதிக்கொடுத்தார். ரத்தம் பார்த்தபோது டி.எஸ்.ஹெச். 0.05. அப்படியே நீண்ட நாள் விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனையோ பேர் இப்படி டோஸ் தவறி, தேவையில்லாத இன்னொரு மாத்திரையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போனேன். அவர் முதலில் செய்தது, என் பழைய ரிப்போர்ட்டுகளையும் சீட்டுகளையும் மேசையில் பரப்பித் தேதிவாரியாக அடுக்கியது. எத்தனை மணிக்கு மாத்திரை? அதற்குப் பிறகு காபி எப்போது? வேறு என்னென்ன மாத்திரை, எந்த மாதத்தில்? கம்பெனி மாறியதா? எடை எவ்வளவு? 64 கிலோ என்றேன். சுரப்பி அறவே வேலை செய்யாதவர்களுக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கு, உங்கள் சுரப்பியில் இன்னும் கொஞ்சம் வேலை மிச்சமிருக்கும்போல, 88 போட்டு எட்டு வாரம் பொறுப்போம் என்றார். கேள்விகளுக்கே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். இந்தக் கேள்விகளை முதல் மருத்துவரே கேட்டிருக்க முடியும். எட்டு வாரத்தில் டி.எஸ்.ஹெச். 1.8 வந்தது. அதிலிருந்து பெரிதாக நகரவில்லை.

அவர் சொன்னபடி இப்போதும் நடக்கிறேன். எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. காபி மாத்திரை சேர்வதைக் குறைக்கும். எழுந்ததும் டிகாக்ஷன் வாசனை தேடும் வீட்டில் இது பெரிய கஷ்டம்தான். அது முடியவே முடியாதவர்கள், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். அப்படி எழுதிக்கொடுப்பதும் உண்டு. இரும்பு, கால்சியம் எதுவானாலும் நான்கு மணி நேர இடைவெளி. டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை, அதுவும் எப்போதும் காலையிலேயே, ஏனென்றால் டி.எஸ்.ஹெச். நேரத்துக்கு நேரம் மாறும். பயோட்டின் கலந்த முடி மாத்திரை சாப்பிட்டால் ரிப்போர்ட்டே தப்பாக வரலாம் என்பதால், டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுவேன்.

தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று கடையில் பல பெயரில் கிடைக்கிறது. எதுவானாலும் ஒன்றிலேயே நிற்பது முக்கியம். "அக்கா, அந்தக் கம்பெனி இல்லை, இதுவும் அதே மருந்துதான்" என்று கடைத் தம்பி நீட்டினால் வாங்க மாட்டேன். மாற்றியே ஆகவேண்டி வந்தால் ஆறு வாரத்தில் டெஸ்ட். 88 பவர் எல்லாக் கடையிலும் இருக்காது. இல்லாதபோது மருத்துவரிடம் கேட்டு, அதே கம்பெனியில் 75-ம் 12.5-ம் சேர்த்து எடுத்திருக்கிறேன்.

88 எல்லாவற்றையும் சரியாக்கியது என்று சொல்ல மாட்டேன். அசதியும் மலச்சிக்கலும் போயின, குரல் திரும்பியது. எடை கொஞ்சம்தான் குறைந்தது. முடி கொட்டுவது நின்றது ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது) ஏறிய பிறகுதான். அதைத் தைராய்டு கணக்கில் சேர்த்து டோஸை மறுபடி ஏற்றாமல் தடுத்ததும் அதே மருத்துவர்தான்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் காத்திருப்பது சரியே அல்ல. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி அம்மாவின் தைராக்சினை நம்பியிருக்கிறது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கர்ப்பம் உறுதியானதுமே டோஸ் ஏறக்குறைய கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரை கூடத் தேவைப்படும். என் தங்கைக்கும் தைராய்டு உண்டு. அவள் கர்ப்பமானபோது, முதல் ஸ்கேனுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். நான் விடாமல் வற்புறுத்தி, அன்றைக்கே அவளை மருத்துவரிடம் பேசவைத்தேன். டோஸை உடனே கூட்டினார்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்ட் எடுத்தார்கள்.

எனக்கு இப்போது முழங்கால் வலிக்காகக் கால்சியம் எழுதியிருக்கிறார்கள். அதை இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டேன். எட்டு வாரம் முடிந்ததும் டி.எஸ்.ஹெச். பார்த்து, பழைய ரிப்போர்ட்டுகளோடு அந்த மருத்துவரிடமே காட்டப் போகிறேன்.